பெரிய எழுத்து என்றால் என்ன? கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றிய ஓர் எளிய விளக்கம்

"பெரிய எழுத்து வசதி உண்டு" என்று ஒரு செயலியைப் பற்றிச் சொல்லும்போது, சொல்பவர் ஒன்றை நினைக்கிறார், கேட்பவர் வேறொன்றை விளங்கிக்கொள்கிறார். ஒருவருக்கு அது இரண்டு விரல்களால் திரையை விரித்துப் பார்ப்பது. இன்னொருவருக்கு அது செயலிக்குள் இருக்கும் ஒரு பொத்தான். மூன்றாமவர் அதைப் பார்வையற்றோருக்கான ஏற்பாடு என்று எண்ணி, தம்முடைய வாடிக்கையாளருக்கு வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிடுகிறார். யாழ்ப்பாணத்தில் செயலி செய்விக்க வரும் கடைக்காரர்களோடும் சங்கத்தாரோடும், அவற்றை எழுதிக்கொடுக்கும் இளைஞர்களோடும் பேசும்போது இந்தக் குழப்பத்தை நான் அடிக்கடி காண்கிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாலைப்பொழுது. நீர்வேலியில் இருக்கும் என் சின்னம்மா தமது கைத்தொலைபேசியில் எழுத்தை அதன் மிகப் பெரிய அளவில் வைத்திருக்கிறார். பேத்தியின் ரியூசன் காசை ஒரு செயலி வழியாக அனுப்பிவிட்டு, தொலைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, காசு போட்டுதோ, போகேல்லையோ?" என்று கேட்டார். திரையில் "பணம் அனுப்பப்ப…" என்று மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த எழுத்துகளைச் செயலி வெட்டிவிட்டு மூன்று புள்ளிகளை வைத்திருந்தது. கண் நன்றாகத் தெரியும் எனக்கும் அதைக் கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்த்த பிறகுதான் "பணம் அனுப்பப்படவில்லை" என்ற முழு வசனம் தெரிந்தது. எழுத்து பெரிதாகியிருந்தது, ஆனால் செய்தி சின்னம்மாவிடம் போய்ச் சேரவில்லை. இவை இரண்டும் எப்படி ஒரே திரையில் நடக்கின்றன என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

யாருக்கு வேண்டும்?

நாற்பது வயதை அண்டும்போது கண்ணின் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகிறது. கிட்டவுள்ள பொருளின்மேல் பார்வையைக் குவிப்பது அதனால் கடினமாகிறது. இதை நம்மவர் நெடுங்காலமாக வெள்ளெழுத்து என்று அழைத்து வருகின்றனர். பத்திரிகையைக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பது அதன் அடையாளம். இது ஒரு நோயன்று. வயது போகப் போக ஏறத்தாழ எல்லோருக்கும் வருவது. இதற்கு மேல் கண்புரையும் நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பும் பிறவியிலேயே அமைந்த குறைபார்வையும் உண்டு. இவர்களிற் பெரும்பாலோருக்குக் கண் தெரியும். சிறிய எழுத்துத்தான் தெரியாது. திரையை வாசித்துச் சொல்லும் குரல்வசதி இவர்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம். தாமாகப் படிக்கக்கூடியவருக்குப் படிக்கக்கூடிய அளவில் எழுத்தைக் கொடுத்தாற் போதுமானது.

பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பெற்றோர் இங்கே தனியாக வாழும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். மின்கட்டணம் செலுத்துவது, வைத்தியரைப் பார்க்க இலக்கம் எடுப்பது, மரண அறிவித்தல் பார்ப்பது எல்லாமே அந்த வீடுகளில் ஒரு கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. ஆகவே, இதை ஒரு சிறு கூட்டத்துக்குச் செய்யும் சலுகையாக எண்ணுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

பூதக்கண்ணாடியும் அச்சுக்கோப்பும்

பத்திரிகையிற் சிறிய எழுத்தைப் படிக்க இரண்டு வழிகளை எண்ணிப்பார்க்கலாம். முதலாவது பூதக்கண்ணாடி. அதைத் தாளின்மேல் வைத்தால் கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் பெரிதாகத் தெரியும். ஒரு வரியை முடிக்கக் கண்ணாடியை இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். அடுத்த வரிக்கு மீண்டும் இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். சில வரிகளுக்கு இது சரி. ஒரு பக்கம் முழுவதையும் இப்படிப் படிக்கும்போது கையும் சலிக்கும், எந்த வரியில் நின்றோம் என்பதும் மறந்துபோகும்.

இரண்டாவது வழி, அதே செய்தியைப் பெரிய எழுத்தில் மீண்டும் அச்சுக்கோப்பது. 1841 ஆம் ஆண்டிலேயே உதயதாரகையை அச்சிட்டு வெளியிட்ட மண்ணில் ஈய எழுத்துக் கோத்த கைகளை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உள்ளனர். அச்சுக்கோப்பவர் பெரிய எழுத்தை எடுத்தால், பத்தியின் அகலம் மாறாமலே ஒரு வரிக்குள் அடங்கும் சொற்கள் குறையும், வரிகள் கூடும், செய்தி கீழ்நோக்கி நீளும். படிப்பவர் எதையும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியதில்லை. வழக்கம்போல மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகலாம்.

விரலால் திரையை விரிப்பது முதல் வகை. இதற்கு உருப்பெருக்கம் என்று பெயர். தொலைபேசியின் அமைப்புகளில் எழுத்தளவைக் கூட்டுவது இரண்டாவது வகை. அதை எழுத்துப் பெருக்கம் என்று இக்கட்டுரையில் அழைப்போம். இரண்டும் பயனுள்ளவை, ஆனால் ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்றாகிவிடாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: பல தொலைபேசிகளில் 'எழுத்தளவு' என்றும் 'காட்சி அளவு' என்றும் இரண்டு தெரிவுகள் அருகருகே இருக்கும். முன்னது எழுத்தை மட்டும் கூட்டும். பின்னது சின்னங்கள், பொத்தான்கள், இடைவெளிகள் உட்பட எல்லாவற்றையும் கூட்டும்.

சுருங்கச் சொன்னால், எழுத்துப் பெருக்கத்தில் பக்கம் முழுவதும் மீண்டும் அடுக்கப்பட வேண்டும். அடுக்குவது யார் என்பதே அடுத்த கேள்வி.

தொலைபேசி கேட்கும், செயலி செய்ய வேண்டும்

அமைப்புகளுக்குள் சென்று எழுத்தளவைக் கூட்டினால் எல்லாச் செயலிகளிலும் எழுத்து தானாகப் பெரிதாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் தொலைபேசி செய்வது ஒன்றுதான்: இந்தப் பயனருக்கு எழுத்து இவ்வளவு மடங்கு வேண்டும் என்ற ஓர் எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செயலிக்கும் அதை அறிவிக்கிறது. அந்த எண்ணை மதிப்பதும் மதிக்காமல் விடுவதும் செயலி எழுதப்பட்ட முறையிலேயே இருக்கிறது. ஒரே தொலைபேசியில் ஒரு செயலி பெரிய எழுத்திலும் அடுத்தது பழைய சிறிய எழுத்திலும் திறப்பதற்குக் காரணம் இதுதான். தொலைபேசியில் பழுது எதுவும் இல்லை.

செயலி எழுதுபவர் எழுத்தின் அளவை எந்த அலகிற் சொல்கிறார் என்பதில் இது தங்கியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளப் பூக்கடைக்குப் போகலாம். நல்லூர்க் கோயில் வாசலிற் பூ வாங்கும்போது முழக்கணக்கில் வாங்குகிறோம். முழம் என்பது அளப்பவரின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளம். நீண்ட கையுடையவர் அளந்தால் ஒரு முழம் கூடுதலாக இருக்கும், குட்டைக் கையுடையவர் அளந்தால் குறைவாக இருக்கும். தையற்கடையில் உள்ள அளவுநாடாவோ யார் பிடித்தாலும் ஒரே நீளத்தைத்தான் காட்டும்.

அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் இந்த இரண்டுக்கும் நிகரான அலகுகள் உண்டு. டிபி என்பது அளவுநாடா போன்றது; பயனர் எழுத்தளவைக் கூட்டினாலும் அது அசையாது. எஸ்பி என்பது முழம் போன்றது. பயனர் தெரிந்தெடுத்த எழுத்தளவுக்கு ஏற்ப அதுவும் கூடிக் குறையும். எழுத்துகளுக்கு எஸ்பி, மற்றவற்றுக்கு டிபி என்பது நெடுங்காலமாக உள்ள நெறி. எழுத்துக்கும் டிபியைப் பயன்படுத்திவிட்டால், சின்னம்மா எவ்வளவு கூட்டினாலும் அந்தச் செயலி அதைக் கேளாது. சிலர் தவறுதலாக இப்படிச் செய்கின்றனர். சிலர் வடிவமைப்புக் குலைந்துவிடும் என்று அஞ்சித் தெரிந்தே செய்கின்றனர். இந்த இரண்டாவது வகையை என்னால் ஏற்க முடியவில்லை. படிக்க முடியாத ஓர் அழகை, படிக்க முடியாதவரின் செலவிற் காப்பாற்றுவதாகவே அது முடிகிறது.

ஐபோனில் அப்பிள் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட ஐஓஎஸ் 7 முதல் வேறொரு முறை இருக்கிறது. செயலி எழுதுபவர் "இது தலைப்பு", "இது உடற்பகுதி", "இது அடிக்குறிப்பு" என்று எழுத்தின் பணியை மட்டும் சொல்கிறார். அந்தப் பணிக்கு எவ்வளவு பெரிய எழுத்து வேண்டும் என்பதைத் தொலைபேசி பயனரின் விருப்பப்படி முடிவுசெய்கிறது. மொத்தம் 12 படிகள் உள்ளன: சாதாரணமாக 7, அணுகல்வசதிப் பகுதியிற் பெரிய எழுத்துத் தெரிவைத் திறந்தால் மேலும் 5. அணுகல்வசதி என்பது, உடலாலோ புலனாலோ குறைபாடு உள்ளவர்களும் ஒரு பொருளைப் பிறர் உதவியின்றிப் பயன்படுத்தும்படி அதை அமைப்பதாகும். உடற்பகுதி எழுத்து வழக்கமாக 17 பொயின்ற், அதாவது எழுத்தளவைக் குறிக்கும் திரை அலகில் 17. கடைசிப் படியில் அது 53 ஆகிறது. மூன்று மடங்குக்கும் சற்று அதிகம்.

அன்ட்ரொய்டில் 2023 இல் வந்த 14 ஆம் பதிப்பு முதல் எழுத்தை 200 சதவீதம் வரை, அதாவது வழக்கமான அளவின் இருமடங்கு வரை, கூட்டலாம். கூகுளின் பிக்சல் தொலைபேசிகளில் அதற்கு முன்பு 130 சதவீதமே எல்லையாக இருந்தது. இந்தப் பதிப்பில் ஒரு நுட்பமும் சேர்க்கப்பட்டது. சிறிய எழுத்து முழுமையாகப் பெரிதாகும்; ஏற்கெனவே பெரிதாக உள்ள தலைப்பு அந்த விகிதத்துக்குப் பெரிதாகாது. தலைப்பை யாரும் படிக்கச் சிரமப்படுவதில்லை என்பதால், அதற்கு இரட்டிப்பு இடம் கொடுத்துத் திரையை வீணாக்க வேண்டியதில்லை என்பதே இதன் நியாயம்.

ஆக, எழுத்து பெரிதாக வேண்டுமானால் முதலிற் செயலி முழக்கணக்கைப் பிடித்திருக்க வேண்டும். சின்னம்மா பயன்படுத்திய செயலி அதைச் சரியாகத்தான் பிடித்திருந்தது. பிழை அதற்கு அடுத்த படியில் இருந்தது.

எழுத்து வளர்ந்தது, பெட்டி வளரவில்லை

திரையில் ஒவ்வொரு சொல்லும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பொத்தானும் ஒரு பெட்டிதான், பட்டியலின் ஒவ்வொரு வரிசையும் ஒரு பெட்டிதான். பெட்டியின் உயரத்தை "இவ்வளவுதான்" என்று அடித்து வைத்துவிட்டால், உள்ளே எழுத்து வளரும்போது மூன்றில் ஒன்று நடக்கும்: எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படும், அல்லது மிஞ்சிய எழுத்துகள் மூன்று புள்ளிகளாக மாறும், அல்லது பக்கத்துப் பெட்டியின்மேல் ஏறிப் படியும். பெட்டிகளெல்லாம் வளர்ந்து, பக்கம் மட்டும் மேலும் கீழும் உருள மறுத்தால், கடைசியில் உள்ள 'செலுத்துக' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். பயனர் எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்.

இதற்குத் தீர்வு நம் பந்திகளில் இருக்கிறது. அரை இலை போட்டால் மண்டபத்தின் ஒரு வரிசையில் இருபது பேரை இருத்தலாம். தலைவாழை இலை போட்டாற் பத்துப் பேர்தான். அதற்காக இலையின் நுனியை யாரும் நறுக்குவதில்லை, ஓர் இலையை மற்றதன்மேல் ஏற்றிப் போடுவதுமில்லை. அடுத்த வரிசையைப் போடுகிறோம். திரையிலும் அப்படியே செய்ய வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பேருந்தில் இருக்கை பதியும் ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். சாதாரண எழுத்தில் ஒவ்வொரு வரிசையிலும் இடப்புறம் ஊர்ப்பெயர்களும் நடுவிற் புறப்படும் நேரமும் வலப்புறம் கட்டணமும் அருகருகே நிற்கும். எழுத்து இருமடங்கானதும் மூன்றும் ஒன்றையொன்று நெருக்கும். "யாழ்ப்பாணம்" என்ற சொல் "யாழ்ப்", "பாணம்" என்று இரண்டாக உடையும். நன்றாக எழுதப்பட்ட செயலி, எழுத்தளவு ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும். முதலில் ஊர், அதன் கீழே நேரம், அதன் கீழே கட்டணம். ஒரே பார்வையில் எட்டுப் பேருந்துகள் தெரிந்த இடத்தில் மூன்றுதான் தெரியும். மற்றவற்றுக்குத் திரையை மேலே தள்ள வேண்டும். பெரிய எழுத்து வேண்டுபவர் அதை மகிழ்ச்சியோடு செய்வார், ஏனென்றால் தெரியும் மூன்றையும் அவரால் ஐயமின்றிப் படிக்க முடிகிறது.

இதற்கு உலகளவில் ஓர் அளவுகோலும் உண்டு. வலைத்தொழில்நுட்பத்துக்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு 2008 இல் வெளியிட்ட அணுகல்வசதி வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் 1.4.4 என்ற விதி இதைப் பற்றியது. வேறு உதவிக் கருவி எதுவுமின்றி எழுத்தை 200 சதவீதம் வரை கூட்டக்கூடியதாக இருக்க வேண்டும், அப்போது உள்ளடக்கமோ செயற்பாடோ இழக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். இணையத்தளங்களுக்காக எழுதப்பட்டாலும் செயலிகளுக்கும் இதையே அளவாகக் கொள்கின்றனர். விதியின் பிற்பகுதியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுத்து பெரிதானது என்பது பாதி வேலை; எதுவும் தொலைந்துவிடவில்லை என்பது மறுபாதி.

தமிழில் வெட்டுப்படுவது வேறு

செயலிகளின் திரைகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்து வரையப்பட்டு, பின்னரே தமிழ் அவற்றினுள் ஊற்றப்படுகிறது. ஆங்கிலத்தில் சில எழுத்துகளில் முடியும் ஒரு பொத்தானுக்குத் தமிழில் "உறுதிப்படுத்துக" என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுத்துப் பெருக்கம் இல்லாதபோதே இறுக்கமாக நிற்கும் இச்சொல், இருமடங்கானதும் பெட்டியை விட்டு வெளியேறுகிறது. இது எல்லோரும் அறிந்த சிக்கல். இதைவிட ஆழமான இரண்டு சிக்கல்கள் பேசப்படுவதேயில்லை.

ஒன்று, தமிழிற் பொருள் சொல்லின் கடைசியில் தங்கியிருக்கிறது. காலம், இடம், உடன்பாடு, எதிர்மறை எல்லாம் சொல்லின் பிற்பகுதியில் ஒட்டுகின்றன. "பணம் அனுப்பப்பட்டது" என்பதும் "பணம் அனுப்பப்படவில்லை" என்பதும் "பணம் அனுப்பப்ப" வரை எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆங்கிலத்தில் மறுப்புச்சொல் வினைக்கு முன்னே வந்துவிடுவதால், வரியின் கடைசி வெட்டுப்பட்டாலும் மறுப்பு பெரும்பாலும் தப்பிவிடும். தமிழில் முதலில் தொலைவதே மறுப்புத்தான். ஆகவே மூன்று புள்ளி வைத்து வெட்டும் பழக்கத்தைத் தமிழ்ச் செயலியில் நிலைச்செய்திகளுக்கும் பிழைச்செய்திகளுக்கும் அறவே பயன்படுத்தக் கூடாது என்பேன். எத்தனை வரி ஆனாலும் வசனம் முடிய வேண்டும்.

மற்றது, தமிழ் எழுத்தின் தலையிலும் காலிலும் உள்ள சிறு உறுப்புகள். மெய்யின் மேலுள்ள புள்ளியும் நெடில் ஈகாரத்தின் சுழியும் எழுத்தின் உச்சியில் இருக்கின்றன. 'ஏ' என்பதை 'எ' இலிருந்து வேறுபடுத்தும் கோடு அடியில் இருக்கிறது. பெட்டியின் உயரம் போதாமல் உச்சி சற்று வெட்டுப்பட்டாற் போதும், "மீதி" என்பதன் சுழி மறைந்து "மிதி" ஆகிவிடும். வைத்தியசாலைச் செயலி ஒன்றில் "பல் வைத்தியர்" என்பதன் புள்ளி மறைந்தால் "பல வைத்தியர்" என்று நிற்கும். படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று சொல்லலாம். பார்வை மங்கியவரிடம் ஊகிக்கும் வேலையைக் கொடுப்பதற்கு இந்த வசதி ஏற்படவில்லை. வரிகளுக்கிடையிலும் இதே கவனம் வேண்டும். எழுத்து வளர்ந்து வரி இடைவெளி வளராவிட்டால், மேல் வரியிலுள்ள 'ழ' வின் வால் கீழ் வரியின் புள்ளிகளைத் தொட்டு, எது எதற்குரியது என்று தெரியாமற் செய்துவிடும்.

படத்துக்குள் இருக்கும் எழுத்து

மரண அறிவித்தல், பாடசாலை அறிவித்தல், கோயில் திருவிழா நிரல் என நம்மிடையே பரிமாறப்படுபவற்றுட் பல, படமாகவே வருகின்றன. படத்துக்குள் உள்ள எழுத்து தொலைபேசியின் பார்வையில் எழுத்தே அன்று, நிறப்புள்ளிகளின் ஒரு கூட்டம். எந்த அமைப்பாலும் அதை மீண்டும் அச்சுக்கோக்க முடியாது. விரலால் விரித்துப் பூதக்கண்ணாடி முறையிலேயே படிக்க வேண்டும். ஒரு செயலியில் அறிவித்தலைப் படமாகப் போடத்தான் வேண்டுமென்றால், அதே விவரங்களைக் கீழே எழுத்தாகவும் தட்டச்சுச் செய்து போடுவது போதுமான பரிகாரம்.

திரையின் அடியில் நிரந்தரமாக நிற்கும் பட்டைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதிலுள்ள சின்னங்களும் சிறு பெயர்களும் மூன்று மடங்கானாற் பாதித் திரையைப் பிடித்துவிடும் என்பதால், அவை வளராமல் இருக்கலாம். ஐபோனில் 2019 இன் ஐஓஎஸ் 13 முதல், மிகப் பெரிய எழுத்து வைத்திருப்பவர் அந்தச் சின்னத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், அதன் பெயர் திரையின் நடுவிற் பெரிதாகத் தோன்றும்படி செயலி எழுதுபவர் அமைத்துக்கொடுக்கலாம்.

உங்கள் செயலியைச் சோதிப்பது

இதற்கு மென்பொருள் அறிவு எதுவும் வேண்டாம். செயலி செய்வித்தவரே செய்யலாம். ஐபோனில் அமைப்புகளின் அணுகல்வசதிப் பகுதியிலும், அன்ட்ரொய்டிற் பெரும்பாலும் காட்சிப் பகுதியிலும் எழுத்தளவு இருக்கும். அதைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோய், செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, ஒரு முழு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்க வேண்டும். முதற்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதற்பக்கத்தில் எல்லோரும் கவனம் வைத்திருப்பார்கள். பழுது உள்ளே, கட்டணம் செலுத்தும் படிவத்திலும் சிறு எச்சரிக்கைப் பெட்டிகளிலும் இருக்கும்.

வேலை வெற்றியாக முடிவதை மட்டும் பார்த்தாற் போதாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, அல்லது வேண்டுமென்றே பிழையான கடவுச்சொல்லைக் கொடுத்து, தோல்விச்செய்தியை வரவழைக்க வேண்டும். அந்தச் செய்தியை எழுத்தளவைக் குறைக்காமலே கடைசி எழுத்து வரை வாசிக்க முடிகிறதா, "அனுப்பப்படவில்லை" என்பதில் "வில்லை" திரையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.